அவர் பெயரில் ஒரு கனிமம்

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் முத்திரை. கட்டுரையை யார் எழுதினாலும், பாறையை யார் உடைத்துக்கொண்டு வந்தாலும், கடைசியில் அதன்மேல் அவர் பெயர் விழுந்துவிடும். தபால் ஆபீசில் கவர்மேல் விழுகிற மாதிரி, யோசனையே இல்லாமல், டக்கென்று. இந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்துக்கொள்வார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அந்த முத்திரையை ஒரு நாள் தரையோடு தரையாகத் தேய்த்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தபோதே முடிவு கட்டியவள் சின்னவள். வயது ஏறி, முன்தலை நரைத்து, மியூசியத்தில் கனிமப் பிரிவுக்குக் காப்பாளராக ஆன பிறகும் வீட்டில் அவள் சின்னவள்தான். அவளுக்கு மூத்தவள் ஒரே ஒரு அக்கா. பகை முழுக்க அந்த அக்காவின் பொருட்டு வந்தது.

நடந்தது இதுதான். அக்கா அப்போது முத்திரையிடம் ஆராய்ச்சி மாணவி. பூமிக்குள் துளைபோட்டு எடுத்த கருப்புப் பாறைத் தண்டுகளை வில்லை வில்லையாக நறுக்கி, மெருகு போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. மற்றவர்களுக்கு ஒரு வாரம் பிடிக்கிற மெருகை அக்கா இரண்டே நாளில் முடித்துவிடுவாள். முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருக்கும். அப்படி ஒரு வில்லையில்தான், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு துணுக்கைப் பார்த்தாள். எஃகு மாதிரிச் சாம்பல் நிறம், உலோகப் பளபளப்பு. பிளாட்டினமும் கந்தகமும் சேர்ந்து பிறந்த கனிமம் என்று முதல் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. பிளாட்டினம் பெரும்பாலும் யாரோடும் ஒட்டாமல் தனியாகத் திரிகிற உலோகம். கந்தகத்தோடு கூடிவிட்டால் மட்டும் அதன் குணமே மாறிப்போகும். தங்கத்தையும் பிளாட்டினத்தையும் கரைத்துக் குடித்துவிடும் ராஜதிராவகத்தில் போட்டாலும் இந்தக் கூட்டுக் கனிமம் பேசாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் நன்றாகச் சூடேற்றினால் கந்தகம் புகையாகப் போய்விடும். பஞ்சு மாதிரி வெறும் உலோகம் மிஞ்சும்.

இந்த ஜாதியில் ஏற்கெனவே பெயர் பெற்ற கனிமங்கள் உண்டு. பிளாட்டினம் மட்டும் உள்ளது கூப்பரைட். பிளாட்டினத்தின் இடத்தில் பல்லேடியம் உட்கார்ந்தால் அதற்கு வேறு பெயர். கூப்பரைட்டுக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளலாம். அக்கா எடுத்த அளவில் இரண்டு உலோகமும் சரிபாதியாக வந்தன. எக்ஸ்ரே படத்தில் அதுவரை யாரும் பார்க்காத கோடுகள் விழுந்தன. திரும்பத் திரும்ப அளந்தாள். ஒரே விடை. புதுக் கனிமம்! சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏய் சின்னவளே, இந்த உலகத்துல இதுவரைக்கும் பேரே இல்லாத ஒண்ணை நான் பாத்துட்டேன்டி" என்று தங்கையைத் தூக்கிச் சுற்றினாள். சின்னவள் அப்போதே கனமான பிள்ளை. இரண்டு பேரும் சுவரில் போய் இடித்துக்கொண்டார்கள்.

கனிமத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு மரபு உண்டு. கண்டுபிடித்தவர் தன் பெயரையே அதற்குச் சூட்டிக்கொள்ளக் கூடாது. முத்திரை அதற்கும் வழி வைத்திருந்தார். துணுக்கையும் அக்காவின் அளவுகளையும் தூரத்து ஆய்வகம் ஒன்றில் இருந்த தன் நண்பருக்கு அனுப்பினார். நண்பர் கட்டுரை எழுதினார். 'மாதிரியைக் கண்டு வழங்கிய பேரறிஞரைப் போற்றும் வகையில்' கனிமத்துக்கு முத்திரையின் பெயரைச் சூட்டினார். அக்கா எடுத்த அளவுகள் ஒரு புள்ளிகூட மாறாமல் அதில் இருந்தன. அக்காவின் பெயர் நன்றி சொல்கிற கடைசி வரியில்கூட இல்லை.

அக்கா நேரே போய்க் கேட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம். மறுநாளே ஆய்வகச் சாவியைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் முத்திரை ஒரே பதில் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்குக் கை சுத்தம் இல்லப்பா." மெருகுத் தட்டைக் கழுவாமல் அடுத்த மாதிரியை வைக்கிறாள், அவள் கை பட்ட எதையும் நம்ப முடியாது என்ற பொருளில்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுப்பார். கேட்டவர்கள் அப்படியா எடுத்துக்கொள்வார்கள்? பிளாட்டினம் புழங்குகிற ஆய்வகம். கை சுத்தம் இல்லை என்றால் திருடி என்றுதான் அர்த்தம். அக்கா அதற்குப் பிறகு விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

அப்பா ஒரு தடவை அவரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "விடும்மா, பெரிய இடம்" என்று மட்டும் சொன்னார். அங்கே என்ன நடந்தது என்று சாகும்வரை சொல்லவில்லை. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தவள் பல நாள் திரும்பிப் படுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, அப்படியே திரும்ப எடுத்துப்போன சின்னவள், அந்த வயதிலேயே மனசுக்குள் ஒரு கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா பிறகு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, பிரேமுக்குத் தகுந்தபடி விளிம்பு வெட்டுகிற வேலை. அங்கேயே கல்யாணம் பேசி வந்தது, பிள்ளைகள் பிறந்தன, கடையில் பாதிப் பங்கும் அவளுடையதாயிற்று. கனிமம் என்ற சொல்லை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. சின்னவள் மட்டும் பிடிவாதமாகக் கனிமவியல் எடுத்துப் படித்தாள். பிடித்தா படித்தாள்? எதிராளி எந்தக் களத்தில் நிற்கிறானோ அங்கே போய்த்தானே ஆக வேண்டும்.

காத்திருந்தவளுக்குக் கதவு தானாகத் திறந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த முத்திரை, தன் சேகரிப்பு முழுவதையும் மியூசியத்துக்குக் கொடுக்க முன்வந்தார். தன் பெயர் பொறித்த அறை ஒன்று வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விழா எடுத்தார்கள், மாலை போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் அவரே ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து காப்பாளரின் கையில் வைத்தார். உள்ளே பிசினில் பதித்த வட்ட வில்லை. நடுவில் அந்தத் துணுக்கு. அந்த நண்பரிடமிருந்து திரும்பி வந்த பிறகு அதை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. ஒரு தடவை பார்க்கிறோம் என்று கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம், அனுப்பி வைக்கிறேன் என்று பதில் போட்டுவிட்டுப் பூட்டியே வைத்திருந்தார்.

"பத்திரம்மா. என் உயிரே இதுலதான் இருக்கு" என்றார் முத்திரை.

"நான் பாத்துக்கறேன் சார்" என்றாள் சின்னவள். முகத்தில் ஒரு மரியாதைச் சிரிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

இவள் யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியாது. விசாரித்ததும் இல்லை. காப்பாளர் என்றால் பூட்டுக்கும் சாவிக்கும் நடுவில் நிற்கிற ஒரு ஆள், அவ்வளவுதான் அவர் கணக்கு.

விழாவுக்கு மறுநாள் மதியம், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வில்லையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அக்கா கை போட்ட மெருகு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கண்ணாடியாக மின்னியது. ஒளியைக் குறுக்கு வடிகட்டி வழியாக விட்டு, மேடையை மெதுவாகத் திருப்பினாள். ஒரே கனிமமாக இருந்தால் துணுக்கு முழுவதும் ஒரு சேர மங்கி ஒரு சேர ஒளிர வேண்டும். இது வரிவரியாக மங்கியது. ஒரு வரி அணையும்போது பக்கத்து வரி எரிந்தது. இன்னும் திருப்பினாள், அணைந்தது எரிந்தது, எரிந்தது அணைந்தது. தலைமுடியைப் பல கூறாகக் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் எப்படி இருக்கும், அவ்வளவு மெல்லிய வரிகள்.

புது எலக்ட்ரான் கருவியில் வைத்து ஒவ்வொரு வரியாக அளந்தபோது விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஒரு வரி கூப்பரைட். அடுத்த வரி அதன் பல்லேடியப் பங்காளி. மறுபடி கூப்பரைட். இரண்டு பழைய கனிமங்கள் கோதுமை மாவும் மைதா மாவும் மாதிரிக் கலந்து கிடந்தன. அக்கா காலத்துக் கருவியின் கற்றை இந்த வரிகளைவிடத் தடிமன். அது ஒரே சமயத்தில் இரண்டின்மேலும் விழுந்து, இரண்டையும் சேர்த்துச் சரிபாதி என்று காட்டியிருக்கிறது. எக்ஸ்ரேயில் வந்த புதுக் கோடுகளும் இரண்டின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டதால் வந்தவைதான். புதுக் கனிமம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

சின்னவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தாள். சத்தமாகச் சிரித்துவிட்டாள். கனிமச் சங்கத்துக்கு எழுதிப்போட்டால் போதும், பெயர் பட்டியலில் இருந்து அடித்துவிடுவார்கள். மியூசியத்தில் அறை, பாடப்புத்தகத்தில் வரி, மேடையில் மாலை எல்லாம் எந்தத் துணுக்கின்மேல் நிற்கிறதோ அதையே உருவிவிடலாம்.

சிரிப்பு அடங்கின பிறகுதான் உறைத்தது. அவருடையது ஒன்றுமில்லை என்று ஆனால், அக்காவுடையதும் ஒன்றுமில்லைதானே? திருட்டுப்போன நகை என்று நினைத்து வாழ்நாளெல்லாம் அழுதவளிடம் போய், அது கவரிங் என்று எப்படிச் சொல்வது?

பல நாள் சொல்லாமலே இருந்தாள். முடியவில்லை. ஒரு பிற்பகல், கடையில் கூட்டம் குறைந்திருக்கிற நேரம் பார்த்துப் போனாள். பின் அறையில் தேய்ப்புச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முன்கவசத் துணியோடு ஒரு வில்லையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து விளிம்பு பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் டீ வாங்கிவந்து வைத்துவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "அக்காளும் தங்கச்சியும் யாரைக் கொல்லப் போறீங்க? எனக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க, கடையைச் சாத்தணும்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

சின்னவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். வரிகளைப் பற்றி, புதுக் கருவியைப் பற்றி, பங்காளிகளைப் பற்றி. அக்கா சக்கரத்தை நிறுத்தினாள். கையை முன்கவசத்தில் துடைத்தாள்.

"கலவையா?"

"ஆமாக்கா."

"ரெண்டும் பழசா?"

"ரெண்டும் பழசு."

அழப்போகிறாள் என்று சின்னவள் நினைத்தாள். அக்கா டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அப்ப என் அளவு தப்பு."

"உன் தப்பு இல்லக்கா. அந்தக் காலத்துக் கருவியில யார் அளந்திருந்தாலும் அதான் வந்திருக்கும். உனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சுன்னு சொல்லிடலாமா? இன்னொரு தடவை பாக்கணும்னு கேட்டேன், அவர்தான் விடலன்னு..."

"பொய் சொல்லச் சொல்றியா? எனக்கு ஒரு சந்தேகமும் வரல. தூக்கிச் சுத்தினேனே உன்னை, சந்தேகம் இருந்தா சுத்துவேனா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "சரி, அது கிடக்கட்டும். சங்கத்துல இதைச் சொன்னா என்ன நடக்கும்?"

"பொதுக்கூட்டத்துல வெச்சு விசாரிப்பாங்க. அவரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அப்புறம் ஓட்டு. பேரை அடிச்சிடுவாங்க."

"அவரைக் கூப்பிட்டுக் கேப்பாங்களா?" அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். சின்னவள் அதுவரை பார்த்தே இராத ஒரு வெளிச்சம் அக்காவின் முகத்தில் ஏறியது. "எல்லார் முன்னாடியும்?"

"ஆமா. ஏன்?"

"அந்த ஆளைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? பக்கத்துல இருந்து பாத்தவ நான். நல்லதா இருந்தா அவன் செஞ்சது. கெட்டுப்போச்சுன்னா வேற யாரோ செஞ்சது. ஒரு கண்ணாடிக் குடுவை உடைஞ்சாக்கூட, உடைச்சது யாருன்னு அவனே முதல்ல கைகாட்டுவான். நீ போய் இது தப்புன்னு சபையில சொல்லு. இது யாரோடதுன்னு அவனே சொல்லுவான் பாரு. நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தரும் நம்பாததை அவன் வாயாலேயே சொல்லுவான்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா தப்பு அவனோடதா ஆயிடும். அதுவும் எனக்குச் சம்மதம்தான்." அக்கா சக்கரத்தை மறுபடி ஓடவிட்டாள். "ஆனா சொல்லுவான். எனக்கு ஒரு சீட்டு மட்டும் வாங்கி வை. கடைசி வரிசையா இருந்தாலும் பரவாயில்ல."

இத்தனை வருஷமும் பழிவாங்கும் வேலையைத் தான் ஒருத்திதான் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று சின்னவள் நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான் தெரிந்தது, அக்காவிடம் இருந்த நெருப்புக்குப் பக்கத்தில் தன்னுடையது வெறும் சூடு என்று.

கூட்டம் சங்கத்தின் நீள மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில், கைப்பிடி வைத்த நாற்காலியில் முத்திரை உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, மடியில் கைத்தடி. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் அக்காவும் அத்தானும். அக்கா தலைக்குச் சாயம் பூசவில்லை, நல்ல உடுப்பு உடுத்தவில்லை. கடைக்குப் போகிற மாதிரியே வந்திருந்தாள்.

சின்னவள் மேடையேறிப் படத்தைத் திரையில் போட்டாள். வரிகள் ஆள் உயரத்துக்கு விழுந்தன. விளக்கம் கேட்காமலே மண்டபம் புரிந்துகொண்டது. எல்லாரும் கல்லோடு குடும்பம் நடத்துகிறவர்கள். ஒரு வரி கூப்பரைட், அடுத்தது பங்காளி என்று எண்களை வாசித்துவிட்டு, "ஆகவே இது தனிக் கனிமம் அல்ல, கலவை. பெயரை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தாள்.

சங்கத் தலைவி முத்திரையின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க என்ன சொல்றீங்க?"

முத்திரை முதலில் சிரித்தார். "காப்பாளர் அம்மா ஆர்வமா இருக்காங்க, சந்தோஷம். படம் எடுக்கறதுல ஏதாவது கோளாறா இருக்கும்."

"வேற ஒரு ஆய்வகத்துலயும் அளந்து பாக்கச் சொன்னோம் சார். அங்கயும் இதேதான் வந்திருக்கு" என்றார் தலைவி.

சிரிப்பு நின்றது. முத்திரை திரையைப் பார்த்தார். கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கிசுகிசுக்க, அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து நின்றார்.

"நான் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்த அளவு நான் எடுத்தது கிடையாது."

சின்னவள் மேடை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டுரை எழுதின உங்க நண்பர் எடுத்ததா சார்?" என்று கேட்டார் தலைவி.

நண்பர் செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. செத்தவர்மேல் போட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, முத்திரை தலையை ஆட்டினார். "அவரும் இல்ல. என்கிட்ட அப்ப ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தா. அந்தத் துணுக்கைக் கண்டெடுத்தது, மெருகு போட்டது, அளந்தது, எக்ஸ்ரே எடுத்தது எல்லாமே அந்தப் பொண்ணுதான். நான் கை வெக்கவே இல்ல. நம்பி விட்டுட்டேன். பெருந்தன்மையா இருந்தது என் தப்பு."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. குறிப்பு எடுக்கிறவர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"ஆமாங்க. எல்லாம் நான்தான்."

எல்லாத் தலையும் பின்னால் திரும்பின. அக்கா நடைபாதை வழியாக முன்னால் வந்தாள். அவசரப்படவில்லை.

"அந்த மாணவி நான்தான். அளவு என்னுது. அது தப்புன்னு இன்னிக்குத் தெரிஞ்சு போச்சு, நான் ஒத்துக்கறேன். அன்னிக்கு எனக்கு ஒரு சந்தேகமும் வரல. புதுசுன்னுதான் நானும் நம்பினேன்." அவள் முத்திரைக்கு நேராக வந்து நின்றாள். "சார், ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போறேன். எனக்குக் கை சுத்தம் இல்ல, நான் தொட்ட எதையும் நம்ப முடியாதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. நான் தொட்ட இதை மட்டும் எப்படி நம்பி உங்க பேரை ஒட்டிக்கிட்டீங்க?"

முத்திரை கைத்தடியை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க நம்பினீங்கன்னா நான் யோக்கியமானவ. நம்பலன்னா, பொய்னு தெரிஞ்சே பேர் வாங்கியிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் எழுதிக்கச் சொல்றேன்."

தலைவி மெதுவாகக் கேட்டார்: "சார், துணுக்கைக் கண்டெடுத்தது இவங்கன்னா, உங்க பேரை எதுக்காக வெச்சாங்க?"

"மாதிரியை... நான்தான் கொடுத்தேன்."

"யாரோட மாதிரியை?"

மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர் எழுந்தார். அவரும் பழைய மாணவர்தான். "நான் வரைஞ்ச பாறை வரைபடமும் அப்படித்தாங்க போச்சு. வாயைத் திறக்க இன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்குத் தானே பயந்த மாதிரி சட்டென்று உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொரு கை எழும்பியது. பிறகு இன்னொன்று.

பெயரை நீக்க ஓட்டு எடுத்தபோது மண்டபம் முழுக்கக் கைகள். முன்வரிசையில் ஒருவர் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவர் தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து வெளியே போகும்போது யாரும் அவருக்குக் குனியவில்லை. அவர் கைத்தடியை நாற்காலிக்கு அடியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். வாசலில் அத்தான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஓடிப்போய்க் கொடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். அவனே திரும்பி வந்து எடுத்துக்கட்டும்" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் முத்திரை மியூசியத்துக்கு வந்தார். சேகரிப்பைத் திரும்பக் கேட்டார். சின்னவள் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கொடுத்தது கொடுத்ததுதான் என்று சட்டத்தை விளக்கினாள். அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீ... அவ தங்கச்சியா?"

"ஆமா சார்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். கழுத்துத் தோல் ஏறி இறங்கியது. "அறைப் பேரு?"

"இப்போதைக்கு எடுத்து வெச்சிருக்கோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்."

"அந்த ஒரு வில்லையையாவது காட்சியில இருந்து எடுத்துடும்மா. என் பேத்தி பள்ளிக்கூடத்தோட வர்றா. சீட்டுல என் பேர்... படிச்சிடுவா."

சின்னவளுக்கு ஒரு கணம் மனசு அசைந்தது என்பது உண்மை. அதற்கு மேல் அசையவில்லை. இஸ்திரிச் சட்டையோடு போய் நின்ற அப்பாவுக்கு இவர் நாற்காலி போட்டாரா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லி, வருத்தப்பட்டு, அதையும் தன் பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

"காட்சியில இருக்கறதை எடுக்கற அதிகாரம் எனக்கு இல்ல சார்" என்றாள். உண்மையில் இருந்தது.

இத்தனை காலமும் வயிற்றில் எரிந்தது அன்றோடு அணைந்துவிடும் என்று நினைத்திருந்தாள். அணையவில்லை. ஆனால் இப்போது அது குளிர்காலத்தில் கை காட்டிக் காய்கிற நெருப்பு மாதிரி சுகமாக இருந்தது. அப்படி இருப்பது தப்பா என்று யோசித்துப் பார்த்தாள், யோசனை நீடிக்கவில்லை.

கடை விடுமுறை நாளில் அக்கா மியூசியத்துக்கு வந்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து மேடையைத் திருப்பினாள். வரிகள் எரிந்து அணைவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் ஏமாத்தியிருக்கு என்னை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "மெருகு எப்படி இருக்கு பாத்தியா?"

"கண்ணாடி மாதிரி இருக்குக்கா."

வில்லையைக் கண்ணாடிப் பேழைக்குள் பழைய இடத்திலேயே வைத்தார்கள். சின்னவள் புதுச் சீட்டு தயாராக வைத்திருந்தாள்: கூப்பரைட்டும் பல்லேடியப் பங்காளியும், கலவை, கண்டெடுத்தவர் என்று அக்காவின் முழுப்பெயர். முத்திரையின் பெயர் இருந்த பழைய சீட்டைக் கிழித்துப் போடக் கையில் எடுத்தாள்.

"கிழிக்காத" என்றாள் அக்கா. "செல்லாமப் போன பேரை நீங்க என்ன செய்வீங்க? முறை என்ன?"

"பேருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, புதுச் சீட்டுக்குப் பக்கத்துலயே வெச்சிருப்போம்."

"அப்ப முறைப்படி செய்."

சின்னவள் மேஜையிலிருந்து பட்டை மார்க்கரை எடுத்தாள். அக்கா அதை வாங்கி மூடி போட்டு வைத்துவிட்டு, பேனா டப்பாவைக் கிளறி, இருப்பதிலேயே மெல்லிய நுனியுள்ள பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

"இதால அடி. மெலிசா ஒரே கோடு. கீழ இருக்கற பேரு ஒரு எழுத்துக்கூட மறையக் கூடாது."